25 பேருக்கு நாச்சோஸ்: நமுத்துப் போகாமல் எப்படிக் கொடுப்பது?

24 அக்டோபர் 2025, தேவகோட்டையிலிருந்து ஒருவர் கேட்டது

பெண்கள் உலகக் கோப்பை கிரிக்கெட்டில் நேற்று நியூசிலாந்தை ஜெயித்து நம் பெண்கள் அரையிறுதிக்குப் போய்விட்டார்கள். ஃபைனலுக்கும் போனால் நவம்பர் 2 ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் 25 பேர் கூடுவோம். லோடட் நாச்சோஸ், அதாவது மக்காச்சோளச் சிப்ஸ் மேல் சீஸ், கறி எல்லாம் போட்டது, செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. "அதெல்லாம் கடையில ரெண்டு பேர் உக்காந்து திங்கிறது, கூட்டத்துக்குக் குடுத்தா கூழாப் போயிரும், பேசாம பஜ்ஜி போடு" என்கிறார் அம்மா. யாராவது கூட்டத்துக்குச் செய்திருக்கிறீர்களா?

24 அக்டோபர், இரவு

செய்திருக்கிறேன் தம்பி. ஒரு தடவை கூழாகவும் ஆக்கியிருக்கிறேன். அம்மா சொல்வது பாதி சரி.

2024 ஜூன் 29, டி20 உலகக் கோப்பை ஃபைனல். கண்டனூரில் மாமனார் வீட்டு வளவில் (உள்முற்றத்தைச் சுற்றிய இடம்) புரொஜெக்டர் வைத்து முப்பது பேர் உட்கார்ந்திருந்தோம். பார்படாஸில் நடந்த மேட்ச், நமக்கு ராத்திரி 8 மணிக்கு ஆரம்பம். சீர் வைக்கிற பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தில் சிப்ஸைக் கோபுரமாகக் குவித்தேன். மேலே கோழி மசாலாவைக் குழம்போடு ஊற்றினேன். தக்காளி, வெங்காயம், தயிர், துருவிய சீஸ் எல்லாவற்றையும் போட்டு ஏழே முக்காலுக்கே கொண்டுபோய் வைத்தாயிற்று. பார்க்க அழகாக இருந்தது. பத்தாவது ஓவருக்குள் மேலே இருந்ததை எல்லாரும் எடுத்துவிட்டார்கள். நடுவில் இருந்ததில் ஒன்றுமே ஒட்டவில்லை, வெறும் சிப்ஸ். அடியில் இருந்தது ஊறிப்போய்க் கரண்டியால் அள்ளும்படி ஆகிவிட்டது. முக்கால்வாசி குப்பைக்குப் போனது.

வீட்டுக்காரரின் அப்பத்தா அதைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்கள்: "அப்பளத்தை மொதல்லயே சாம்பார்ல முக்கி வச்சுட்டா பந்திக்கு ஆள் கூப்புடுவாக?"

விஷயம் அவ்வளவுதான். சிப்ஸை அப்பளமாக நினைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

எனக்கு அன்றைக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. கடைசி ஓவர் முதல் பந்தில் சூர்யகுமார் யாதவ் எல்லைக்கோட்டில் பிடித்தாரே, அந்தக் கேட்ச்சை நான் பார்க்கவில்லை. இரண்டாவது தாம்பாளத்துக்குச் சீஸ் துருவிக்கொண்டிருந்தேன். எங்கள் அடுப்படி இரண்டாங்கட்டுக்கும் பின்னால். சத்தம் கேட்டு ஓடி வருவதற்குள் எல்லாரும் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் நான் சொல்லப்போகிற முறைக்கு இரண்டு நிபந்தனை. சிப்ஸ் நமுக்கக் கூடாது. செய்கிறவரும் உட்கார்ந்து மேட்ச் பார்க்க வேண்டும்.

25 அக்டோபர்

ஒரே பெரிய தட்டு என்ற எண்ணத்தை விடுங்கள். பந்தி பந்தியாகக் கொடுங்கள். கல்யாண வீட்டில் 500 பேருக்கும் ஒரே நேரத்திலா இலை போடுகிறோம்? 50 ஓவர் மேட்ச் ஏழு மணி நேரத்துக்கு மேல் போகும். அதில் ஐந்து பந்தி, பந்திக்கு இரண்டு டிரே. டிரேயில் சிப்ஸ் ஒரு வரிசைதான். ஒன்றின் ஓரம் இன்னொன்றின் மேல் லேசாகப் படியலாம், அதற்கு மேல் அடுக்க வேண்டாம்.

வரிசை முக்கியம். முதலில் சிப்ஸ், உடனே சீஸ், அதன் மேல் கறி அல்லது பயறு. தக்காளி, தயிர், எலுமிச்சை எதுவும் டிரேக்குள் வரவே கூடாது. அவை கிண்ணத்தில் பக்கத்தில் இருக்கட்டும், அவரவர் போட்டுக்கொள்வார்கள். சீஸ் ஏன் முதலில் என்றால், அதில் இருக்கிற கொழுப்பு சிப்ஸ் மேல் மழைக்கோட்டு மாதிரி படிந்துகொள்ளும். கறியின் ஈரம் இறங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்தக் கொஞ்ச நேரம்தான் நமக்கு வேண்டியது.

அளவு: தலைக்கு 100 கிராம் சிப்ஸ். 25 பேருக்கு இரண்டரைக் கிலோ.

26 அக்டோபர்

நேற்று எழுதிய 100 கிராம் அதிகம். வீட்டில் தராசில் வைத்துப் பார்த்தேன். பத்து சிப்ஸ் 25 கிராம் பக்கம் வருகிறது. ஒரு பந்தியில் ஒருவர் பத்து எடுப்பார், ஆனால் ஐந்து பந்தியிலும் எல்லாரும் எடுக்க மாட்டார்கள். பெரியவர்கள் இரண்டு பந்தியோடு நிறுத்திக்கொள்வார்கள். கூடவே வேறு பலகாரமும் இருக்கும். தலைக்கு 60 கிராம், மொத்தம் ஒன்றரைக் கிலோ போதும். நேற்றைய கணக்கைப் பார்த்து யாரும் வாங்கிவிடாதீர்கள்.

சிப்ஸ் கார்னிடோஸ் போன்ற கடைச் சரக்கே போதும். மசாலா தடவாத, உப்பு மட்டும் போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். பாக்கெட்டை முதல் நாளே பிரிக்காதீர்கள். இது ஐப்பசி. காலையில் பிரித்த முறுக்கே சாயங்காலம் நமுத்துவிடுகிறது, சிப்ஸ் எம்மாத்திரம்? பிரித்த மிச்சத்தை இறுக்கமாக மூடுகிற சம்படத்தில் போடுங்கள்.

26 அக்டோபர், மாலை

சீஸ் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். இதில் நான் நிறையப் பணம் வீணடித்துக் கற்றுக்கொண்டேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நல்ல செடார் வாங்கிப் பாலில் போட்டு உருக்கினால் எண்ணெய் தனியாக, திரள் தனியாகப் பிரிந்துவிடும். பழகிய சீஸ், அதாவது பல மாதம் வைத்துப் பதமாக்கியது, இன்னும் சீக்கிரம் பிரியும். மொசரெல்லா இழுபடும், ஆனால் ஆறினால் ரப்பர். பிராசஸ்டு சீஸ் கட்டி மட்டும் ஏன் வழுவழுவென்று உருகுகிறது? அதில் கொழுப்பையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கிற உப்புகள் ஏற்கெனவே கலந்திருக்கின்றன. சோடியம் சிட்ரேட் அந்த வகை உப்புதான். பிளஸ் டூ படிக்கிற என் மகள் இதைக் கேட்டதும், சோடியம், கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவற்றின் குறியீடுகளை வரிசையாக எழுதி "அம்மா, வாசிச்சுப் பாரு, நாச்சோன்னு வருது" என்று காட்டினாள். உண்மையிலேயே வருகிறது. வேதியியலில் ஒரு மதிப்பெண் கேள்வி ஒன்று இந்த வீட்டில் இனி யாருக்கும் மறக்காது.

செய்முறை. 800 கிராம் பிராசஸ்டு சீஸ், துருவியது. 600 மில்லி பால். இரண்டு தேக்கரண்டி சோளமாவு. அதாவது கார்ன்ஃபிளவர் என்று விற்கிற வெள்ளை மாவு, மஞ்சள் மக்காச்சோள மாவு வேண்டாம். சோளமாவைத் துருவிய சீஸில் பிசிறி வைக்கவும். பாலைச் சிறு தீயில் கொதி வரும் பதத்துக்குக் கொண்டுவந்து, அடுப்பை நன்றாகக் குறைத்து, சீஸைப் பிடிப் பிடியாகப் போட்டுக் கிண்டவும். கொதிக்கவிடக் கூடாது. தோசை மாவைவிடக் கொஞ்சம் இளக்கமாக இருக்கும்போதே இறக்கவும், ஆறும்போது இறுகும். வரமிளகாயை வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்து ஒரு கரண்டி சேர்த்தால் நம் ஊர் வாசம் வந்துவிடும். உப்பு போடவே வேண்டாம்.

எலுமிச்சை உப்பு போடலாமா என்று பள்ளத்தூரிலிருந்து ஒரு ஆச்சி கேட்டிருக்கிறார்கள். கூடாது ஆச்சி. அது சிட்ரிக் அமிலம். பாலில் போட்டால் திரிந்துவிடும்.

27 அக்டோபர்

சிப்ஸை வீட்டிலேயே செய்தால் என்ன என்று கேட்டவருக்கு.

செய்யலாம். ஆனால் கடையில் விற்கிற மஞ்சள் மக்காச்சோள மாவைப் பிசைந்து திரட்டினால் விண்டுபோகும். மெக்சிகோவில் மக்காச்சோளத்தை அப்படியே அரைப்பதில்லை. சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ராத்திரி முழுக்க ஊறவிட்டு, தோலைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் அரைக்கிறார்கள். சுண்ணாம்பு தோலைக் கரைக்கிறது, மாவுக்கு ஒட்டும் தன்மை வருகிறது, சோளத்தில் பூட்டிக் கிடக்கிற நியாசின் சத்தும் உடம்புக்குக் கிடைக்கும்படி விடுபடுகிறது. சுண்ணாம்பின் அருமை நமக்கா தெரியாது? இங்கே பழைய வீடுகளின் சுவரெல்லாம் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசியதுதான். வெற்றிலைக்கும் அதுதான். சோளத்துக்கு அதைப் போட நமக்குத் தோன்றாமல் போனது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் செய்தது இது. அரைக் கிலோ காய்ந்த மக்காச்சோளம், 5 கிராம் வெற்றிலைச் சுண்ணாம்பு, ஒன்றரை லிட்டர் தண்ணீர். எவர்சில்வர் பாத்திரம்தான் எடுக்க வேண்டும், அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும். முக்கால் மணி நேரம் வேகவைத்து, மறுநாள் வரை மூடி வைத்து, ஐந்து தண்ணீர் விட்டுக் கழுவினேன். கிரைண்டரில் போட்டால் தண்ணீர் விடாமல் ஓட மாட்டேன் என்றது. விட்டால் மாவு தளர்ந்தது. கொஞ்சம் கோதுமை மாவு சேர்த்துச் சரிசெய்தேன். பூரி பிரஸ்ஸில் பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்து அழுத்தி, தோசைக்கல்லில் சுட்டு, நாலாக வெட்டி, அரை மணி நேரம் ஆறப்போட்டு, எண்ணெயில் பொரித்தேன். அந்த வாசனை எந்தப் பாக்கெட்டிலும் வராது. ஆனால் மதியம் முழுக்கப் போய்விட்டது, ஐந்து பேருக்குத்தான் வந்தது. மேட்ச் நாளில் வேண்டாம். ஓய்வான ஒரு நாளில் கட்டாயம் செய்து பாருங்கள்.

28 அக்டோபர்

"சிப்ஸே எதற்கு, நம்ம தட்டையில் செய்யலாமே?"

செய்து பார்த்தேன். தட்டை கனமானது, சீஸ் கனமானது, இரண்டும் சேர்ந்தால் மூன்றாவதுக்கு மேல் இறங்காது. தட்டையின் மேல் காரச் சட்னியும் துருவிய காயும்தான் பொருத்தம். சேலத்துக்காரர்கள் தட்டுவடை செட் என்று அதை என்றைக்கோ சரியாகப் பிடித்துவிட்டார்கள். அதை அதுவாகவே சாப்பிடலாம்.

28 அக்டோபர், இரவு

டிரே. பெரிய பேக்கிங் டிரே இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். நம் வீடுகளில் எனாமல் தட்டுகள் பெட்டியில் தூங்கிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் ரங்கூன் காலத்துத் தட்டுகள் எட்டு இருக்கின்றன, பூப்போட்டவை. இல்லாதவர்களுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும். எனாமல் அடுப்புச் சூட்டைத் தாங்கும், ஓ.டி.ஜி. என்கிற கரண்ட் பேக்கிங் அடுப்பில் வைக்கலாம்.

29 அக்டோபர்

நேற்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பழைய எனாமலின் நிறப்பூச்சில் ஈயமும் காட்மியமும் இருக்க வாய்ப்பு உண்டு என்று ஒரு தம்பி எடுத்துச் சொன்னார். சரியான பேச்சு. அதுவும் பூச்சு உதிர்ந்த தட்டில், சூடாக, புளிப்பான சாமானை வைப்பது கூடவே கூடாது. எங்கள் எட்டில் ஐந்தில் ஓரம் உதிர்ந்திருக்கிறது. சாப்பாட்டுக்குச் சாதாரண எவர்சில்வர் தட்டு எடுங்கள், அதன் மேல் வாழை இலை விரியுங்கள். எனாமல் அலமாரியில் அழகாக இருக்கட்டும்.

29 அக்டோபர், இரவு

மேலே போடும் கறி. எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

குழம்போடு ஊற்றித்தான் அன்றைக்கு ஊறிப்போனது, அதனால் குழம்பாக எதுவும் வேண்டாம். செட்டிநாட்டில் அதற்கென்றே ஒன்று இருக்கிறது: உப்புக்கறி. எலும்பில்லாத ஆட்டுக்கறி ஒரு கிலோ, விரல் நகம் அளவுக்குப் பொடியாக வெட்டியது. மஞ்சள்தூள் போட்டுக் குக்கரில் வேகவைத்து, தண்ணீரை வற்றவிடவும். நல்லெண்ணெயில் விதை உதறிய வரமிளகாய் பதினைந்து, சின்ன வெங்காயம் கால் கிலோ, பூண்டு இருபது பல் வதக்கி, கறியைப் போட்டு, ஓரம் மொறுமொறுப்பாகும் வரை சுருட்டவும். மசாலாப் பொடி கிடையாது. மிளகாயின் சிவப்பும் பூண்டு வாசமும் சீஸுக்கு அப்படிப் பொருந்துகிறது. கல்பாசி, அன்னாசிப்பூ போட்ட சுக்காவும் செய்து பார்த்தேன், சீஸும் மசாலாவும் ஒன்றையொன்று அமுக்கின. உப்புக்கறிதான்.

ஒரு எச்சரிக்கை. சிப்ஸில் உப்பு, சீஸில் உப்பு. கறியில் வழக்கமாகப் போடுவதில் பாதி போடுங்கள்.

சைவத்துக்குத் தட்டைப்பயறு. அரைக் கிலோ ஊறவைத்துக் குழைய வேகவைத்து, பாதியை மசித்து, சின்ன வெங்காயம், சீரகம், மிளகாய்த்தூளோடு எண்ணெயில் கெட்டியாக வதக்கவும். கரண்டியில் எடுத்தால் விழக் கூடாது, அந்தப் பதம். ராஜ்மாவைவிட இது எனக்குப் பிடிக்கிறது, தோல் நாக்கில் தட்டுவதில்லை. சைவ டிரேயும் கரண்டியும் தனி. இதைத் தேவகோட்டைத் தம்பிக்குச் சொல்லத் தேவையில்லை, பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

தக்காளியைப் பிளந்து விதையும் சாறும் எடுத்துவிட்டு நறுக்குங்கள். உப்பு போட்டு வடிதட்டில் இருபது நிமிடம் வைத்தால் இன்னும் ஒரு டம்ளர் தண்ணீர் வடியும். அதற்குப் பிறகு வெங்காயம், பச்சைமிளகாய், மல்லி, எலுமிச்சை. வடித்த தண்ணீரை ரசத்தில் விடலாம். தயிரைத் துணியில் கட்டி மூன்று மணி நேரம் தொங்கவிட்டால் போதும்.

ஹாலபீனோ (மெக்சிகோ மிளகாய்) பாட்டில் கிடைக்காவிட்டால் பஜ்ஜி மிளகாயை வட்டமாக நறுக்கி, பாதி வினிகர் பாதி தண்ணீரில் உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டுக் கொதிக்கவைத்து அதன் மேல் ஊற்றுங்கள். மறுநாள் தயார்.

30 அக்டோபர், நடு இரவு

ஜெயித்துவிட்டோம்! 339 இலக்கு, அதுவும் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக! ஜெமிமா 127 நாட் அவுட். பெண்கள் ஒருநாள் போட்டியில் இதுவரை இவ்வளவு பெரிய இலக்கை யாரும் துரத்தி ஜெயித்ததில்லை. இங்கே எட்டு பேர்தான் இருந்தோம், எல்லாரும் அழுதோம். அம்மாவிடம் சொல்லுங்கள் தம்பி, ஃபைனல் உண்டு, நாச்சோஸ் உண்டு.

31 அக்டோபர்

நேற்றைக்கு எட்டு பேருக்கு ஒத்திகை பார்த்தேன். இரண்டு விஷயம் மாறுகிறது.

ஒன்று, ஓ.டி.ஜி. வேண்டாம். முதலில் மொசரெல்லா தூவி 200 டிகிரியில் ஆறு நிமிடம் வைக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். நன்றாகவே வந்தது. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு டிரேதான் உள்ளே போகிறது, இரண்டாவது வருவதற்குள் முதலாவது ஆறிவிடுகிறது. பதினைந்தாவது ஓவரில் பத்து நிமிடம் கரண்ட் போனது. எங்கள் ஓ.டி.ஜி. 1,500 வாட், இன்வெர்ட்டர் தாங்காது. டிவி மட்டும் ஓடியது. அப்போது கேஸில் செய்து வைத்த சீஸ் சாஸ்தான் கைகொடுத்தது. அதனால் 25 பேர் கணக்குக்குச் சாஸ் மட்டும்.

இதைக் கோட்டையூர் அண்ணன் ஒருவரிடம் சொன்னபோது, ஊற்றுகிற சீஸ் எல்லாம் உண்மையான நாச்சோஸ் இல்லை என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 1940-களின் தொடக்கத்தில் மெக்சிகோவின் பியெட்ராஸ் நெக்ராஸ் ஊரில், விக்டரி கிளப் என்ற இடத்தில், இக்னாசியோ அனாயா என்பவர் முதலில் செய்தது. எல்லை தாண்டி வந்த அமெரிக்கப் பெண்கள் கொறிக்க ஏதாவது கேட்டார்கள், சமையல்காரரைக் காணோம். இவரே உள்ளே போய்ப் பொரித்த டோர்ட்டியா (மக்காச்சோள ரொட்டி) துண்டுகள், சீஸ், ஹாலபீனோ மூன்றையும் வைத்துச் சூடாக்கிக் கொடுத்தார். இக்னாசியோ என்ற பெயரைச் செல்லமாகக் கூப்பிட்டால் நாச்சோ. அவ்வளவுதான் அந்தப் பலகாரத்தின் பெயர். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகச் சீஸும் மிளகாயும் வைத்தார், மலையாகக் குவிக்கவில்லை.

விளையாட்டு மைதானத்துக்கு அது வந்தது 1976-ல், டெக்சஸின் ஆர்லிங்டன் ஸ்டேடியத்தில், ஃபிராங்க் லிபர்டோ என்பவர் மூலம். அவருக்கும் நமக்கும் ஒரே பிரச்சினைதான்: கூட்டம் நிற்கிறது, வரிசை நகர வேண்டும், எல்லாருக்கும் மேட்ச் பார்க்க வேண்டும். அதனால்தான் அடுப்பில் வைத்துச் சுடாமல், உருகிய நிலையிலேயே நிற்கிற சீஸ் சாஸை மேலே ஊற்றிக் கொடுத்தார். மேட்ச் பார்க்கிற கூட்டத்துக்குச் சாஸ்தான் மரபு என்று அண்ணனிடம் சொன்னேன். பாதி ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது மாற்றம், சாஸ் இறுகியது. நான் 26-ந் தேதி எழுதிய அளவு உடனே சாப்பிட்டால் சரி. அரை மணி நேரம் ஆனால் களி மாதிரி ஆகிறது. ஒரு பெரிய பாத்திரத்தில் வெந்நீர் வைத்து அதற்குள் சாஸ் பாத்திரத்தை இறக்கி வையுங்கள். இறுகினால் இரண்டு கரண்டி சூடான பால் விட்டுக் கிண்டினால் திரும்ப வருகிறது. பச்சைப் பால் விட வேண்டாம்.

1 நவம்பர்

நாளைக்கு எங்கள் ஏற்பாடு. அடுப்படியில் யாரும் நிற்கப் போவதில்லை. வளவில் தூண் ஓரமாக ஒரு மேசை, அதில் ஒற்றை அடுப்பு, வெந்நீர், சாஸ், கறி, பயறு, கிண்ணங்கள். நான் உட்காருகிற நாற்காலியிலிருந்து கைக்கு எட்டும் தூரம். சுவர் வழுவழுப்பில் புரொஜெக்டர் வெளிச்சம் பளபளக்கிறது என்பதால் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டியிருக்கிறோம்.

பந்தி நேரம்: 3 மணிக்கு ஆரம்பம் என்றால் முதல் பந்தி மூன்றரைக்கு. அடுத்தது தண்ணீர் இடைவேளையில். மூன்றாவது இன்னிங்ஸ் இடைவேளையில், அதுதான் பெரியது. மற்ற இரண்டும் சேஸிங்கின்போது. கடைசி பத்து ஓவரில் பந்தி கிடையாது. இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டேன்.

2 நவம்பர், மதியம் 3.20

நவி மும்பையில் மழை. டாஸ்கூடப் போடவில்லை. 26 பேர் உட்கார்ந்திருக்கிறோம், பசியோடு.

2 நவம்பர், 4.45

5 மணிக்கு ஆரம்பம் என்கிறார்கள். முழு 50 ஓவர்.

பந்தி முறை இல்லாவிட்டால் இன்றைக்கும் எல்லாம் குப்பைதான். பாக்கெட் ஒன்றுகூடப் பிரிக்கவில்லை, சாஸ் அடுப்பில் ஏறவே இல்லை. மாமியார் ஆட்டி வைத்திருந்த வெள்ளைப் பணியார மாவை ஊற்ற ஆரம்பித்துவிட்டார்கள், வரமிளகாய்த் துவையலோடு. மழை நேரத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? தம்பி, நீங்கள் முதலிலேயே டிரே போட்டுவிடவில்லையே?

3 நவம்பர், அதிகாலை 1 மணி

உலகக் கோப்பை நம்முடையது. 52 ரன் வித்தியாசம். தூக்கம் வரவில்லை.

ஷஃபாலி 87 அடித்ததைப் பார்த்தேன். தென்னாப்பிரிக்காவின் வோல்வார்ட் சதம் அடித்து நின்றபோது வளவே அமைதியானது. அவர் தூக்கி அடித்த பந்தை அமன்ஜோத் தட்டித் தடுமாறிப் பிடித்தாரே, அதைப் பார்த்தேன். கையில் சாஸ் கரண்டி இருந்தது, வேட்டித் திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை. தீப்தியின் ஐந்தாவது விக்கெட், ஹர்மன்பிரீத் பின்னால் ஓடிப் பிடித்த கடைசிக் கேட்ச், எல்லாம் பார்த்தேன். ஒன்றுகூட விடவில்லை. அப்பத்தாவும் கடைசி வரை உட்கார்ந்திருந்தார்கள்.

3 நவம்பர், மாலை

கணக்கு கேட்டவர்களுக்கு. 26 பேர், அதில் ஏழு பிள்ளைகள். சிப்ஸ் ஒன்றரைக் கிலோவில் மிஞ்சியது 200 கிராம். பணியாரம் போட்டதால்தான் அவ்வளவு, இல்லாவிட்டால் சரியாக இருந்திருக்கும். சீஸ் சாஸ் முழுக்கத் தீர்ந்தது, இன்னும் 200 கிராம் சீஸ் சேர்த்திருக்கலாம். கறி மூன்றாவது பந்தியிலேயே காலி. ஒன்றரைக் கிலோ வேண்டும், ஒரு கிலோ போதாது. இதை 29-ந் தேதிக் குறிப்போடு சேர்த்துப் படிக்கவும். பயறு மிஞ்சியது, இன்று காலை தோசைக்குள் போனது. ஊறவைத்த பஜ்ஜி மிளகாயைப் பெரியவர்கள்தான் அதிகம் எடுத்தார்கள், நான் எதிர்பார்க்கவில்லை.

ஒரு டிரே காலியாக எவ்வளவு நேரம் ஆகிறது என்று மகள் கைக்கடிகாரத்தில் பார்த்தாள். அதிகபட்சம் ஏழு நிமிடம். நமுக்க அதற்கு நேரமே கிடைக்கவில்லை. ஒரு பந்தி போட எனக்கு மூன்று நிமிடம் ஆனது, அதுவும் இரண்டு ஓவருக்கு நடுவில் எழுந்து எழுந்து.

ஒன்று சரியாக வரவில்லை. வாழை இலை மேல் சூடான சாஸ் விழுந்ததும் இலை வியர்த்து, ஓரத்துச் சிப்ஸ் அடியில் ஈரமாகிவிட்டது. இலையை அனலில் வாட்டிவிட்டுத் துடைத்தும் பார்த்தேன், கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. அடுத்த தடவை பட்டர் பேப்பர்தான்.

6 நவம்பர்

தேவகோட்டைத் தம்பி எழுதியிருக்கிறார். அவர் வீட்டில் 31 பேர் வந்துவிட்டார்களாம். மழையால் தள்ளிப்போன நேரத்தில் அம்மா பஜ்ஜி போட்டிருக்கிறார், அதன் பிறகு நாலு பந்தி நாச்சோஸ். மூன்றாவது பந்தியிலிருந்து சாஸ் கரண்டியை அம்மாவே வாங்கிக்கொண்டாராம். அடுத்த மேட்ச் எப்போது என்று கேட்டாராம்.

மிஞ்சிய சிப்ஸ் பற்றி அவர் கேட்டதற்கு: லேசாக நமுத்திருந்தால் இரும்புச் சட்டியில் எண்ணெய் விடாமல் சிறு தீயில் மூன்று நிமிடம் பிரட்டி ஆறவிடுங்கள், மொறுமொறுப்பு திரும்பும். சூட்டோடு தொட்டுப் பார்த்து இன்னும் நமுத்துத்தான் இருக்கிறது என்று கருக்கிவிடாதீர்கள், ஆறிய பிறகுதான் தெரியும். அதற்கும் சரிவராத அளவுக்குப் போய்விட்டால், மெக்சிகோக்காரர்கள் தக்காளி மிளகாய்ச் சாறில் போட்டுப் பிரட்டிக் காலையில் சாப்பிடுகிறார்கள், சிலாகிலேஸ் என்று பெயர். நான் பூண்டும் வரமிளகாயும் அரைத்த தக்காளித் தொக்கில் செய்தேன், மேலே ஒரு அரைவேக்காட்டு முட்டை. அங்கே நமுத்துப் போவதுதான் பதமே. அப்பத்தாவுக்குப் பல் இல்லை, அவர்களுக்கு இதுதான் பிடித்தது.